அடைத்து வைத்த ஓட்டை

2017 நவம்பர் 8. அந்த வார இறுதிவரை டெல்லிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்த தாளுக்கு வைத்த தீயின் புகையும் நகரத்தின் சொந்தப் புகையும் காற்றசையாத குளிரில் தரையோடு படுத்துக் கிடந்தன. மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

மகளுக்கு நாலு வயது, இழுப்பு உண்டு. ஏர் பியூரிஃபயர் ஒன்று வாங்கி அவள் அறையில் வைத்தேன். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினேன். கடைசியாகச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையிலும் பழைய பேப்பரைத் திணித்து அடைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா பகலெல்லாம் அந்தச் சமையலறையில்தான் நின்றாள். மூன்றாம் நாள் இருமல் பிடித்துக்கொண்டது. "இந்த ஊர்ப் பனி உனக்கு ஒத்துக்கலம்மா, கஷாயம் வெச்சுக் குடி" என்றேன். அதையும் அவளேதான் அடுப்படியில் நின்று வைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அலுவலக நண்பர் உள்ளங்கையளவு கருவி ஒன்றை இரவல் கொடுத்தார். பிஎம் 2.5 துகளை அளப்பது. தலைமுடியின் தடிமனில் இருபது, முப்பதில் ஒரு பங்குதான் அந்தத் துகள்; மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு நாள் சராசரியாக கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் அதை 15 என்கிறது. மகள் அறையில் 40 காட்டியது, மகிழ்ந்துபோனேன். கூடத்தில் 170. பால்கனியில் 380. சமையலறையில் அம்மா வற்றல் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எண் ஏறி ஏறி 610-இல் நின்றது.

காய்ந்த எண்ணெயின் புகை, மிளகாய் நெடி, விளக்கேற்றும்போது போடும் சாம்பிராணி எல்லாம் அதே அளவுத் துகள்கள்தான். வயலில் எரிந்ததா, வாணலியில் எரிந்ததா என்று நுரையீரல் பார்ப்பதில்லை. அவை வெளியேற இருந்த ஒரே வழியை நான் அடைத்து வைத்திருந்தேன். இது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால், இந்த வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் யார் யார் என்று கணக்குப் போட்டபோது அம்மாவை எண்ணாமல் விட்டேனே, அதற்கு என்ன பெயர் சொல்வது?

பேப்பரை உருவினேன். அதன் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கேறி மஞ்சளாக இருந்தது. அன்றிலிருந்து அடுப்பு எரியும்போதும், அணைத்துக் கால் மணி நேரம் வரையும் ஃபேன் ஓடும். சமையலறைக் கதவு சாத்தியிருக்கும். ஃபேன் இழுப்பதற்கு ஈடாக வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும்; வரட்டும். வெயிலேறிப் புகை மேலே கிளம்பும் பிற்பகலில் அரை மணி நேரம் ஜன்னல்களைத் திறந்துவைப்போம். சாம்பிராணி நின்றது.

அம்மாவின் பாயை மகள் அறைக்கு எடுத்துப்போனேன். "அந்த மெஷின் காத்து குழந்தைக்கு இருக்கட்டும்டா, நான் கூடத்துலயே படுத்துக்கறேன்" என்றாள். நான் கேட்கவில்லை. அன்றிரவு கூடத்தில் நான் படுத்துக்கொண்டு, கதவுக்கு அப்பால் கேட்ட அவள் இருமலை எண்ணினேன். விடிவதற்குள் ஏழு.