ஆடி கழியட்டும்

மேற்கு மாம்பலத்தில் அப்பா கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருந்தோம். ஒப்பந்தம் 2013 ஆனிக் கடைசியோடு முடிந்தது. 20 ரூபாய்ப் பத்திரத்தில் வழக்கமான 11 மாதக் கணக்கு. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நகரமே பழகிக்கொண்ட கணக்கு. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவால் எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிகளை ஏற முடியவில்லை. வீடு வேண்டியிருந்தது.

குடியிருந்தவர் ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர். "ஆடி பிறக்கப் போகிறது தம்பி, ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாமான்களை ஏற்றிவிடுகிறேன்" என்றார். ஆடியை எதிர்த்து வாதாடும் துணிவு எங்கள் மூவரில் எவருக்கும் இல்லை. அம்மாவே அவர் பக்கம் பேசினாள். ஆவணியும் போயிற்று. புரட்டாசிக்கு அவர் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை வழங்கினார்கள். மின்சாரத்தைத் துண்டி, மோட்டாரை நிறுத்து, அவர் வெளியூர் போகும் நாளில் பூட்டை மாற்று. (இதைச் சொன்னவர்களுள் இருவர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள்.) அன்றைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் சரி, 2019 பிப்ரவரியில் அதனிடத்துக்கு வந்த சட்டமும் சரி, நீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரரை அனுமதிப்பதில்லை. சொந்தக் குடியிருப்புக்குத் தேவையென வழக்குத் தொடரலாம்தான். அத்தனை வாய்தாக்களுக்கு அம்மாவின் மூட்டு காத்திருக்காது.

எங்களைத் தடுமாற வைத்தது வேறொன்று. 5ஆம் தேதியானால் வாடகை தவறாமல் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 116ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. தவணை முடிந்த பிறகும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுக்கொண்டால் குத்தகை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்பட்டதாகிவிடும். கையில் கொண்டுவந்து தந்தால் மறுக்கலாம். வங்கியில் விழுவதை எப்படி மறுப்பது? வழக்கறிஞர் சொற்படி, இத்தொகை வாடகையன்று, வீட்டைப் பயன்படுத்தியமைக்கான ஈடு மட்டுமே என்று பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகை அட்டையில் அவருடைய அழகான கையெழுத்து வந்து சேர்ந்தது.

முடிச்சை அவிழ்த்தவள் எங்களில் இளையவள். அவர் மனைவியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தாள். அசோக் நகரில் வீடு பார்த்தாகிவிட்டது. பத்து மாத முன்பணம் கேட்கிறார்கள். அவர்களுடைய பத்து மாத முன்பணம், 90,000 ரூபாய், எங்களிடம் இருக்கிறது. வெளியேறினால்தான் நாங்கள் தருவோம். தந்தால்தான் அவர்கள் வெளியேற முடியும். கேட்க அவருக்குக் கூச்சம்.

ஒப்படைக்கும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு பாதியை முன்னதாகவே கொடுத்தோம். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், தவணை தாண்டித் தங்குபவர் முதல் இரு மாதங்களுக்கு இருமடங்கும் பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும் என்கிறது. அதே சட்டம் வீட்டு முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. எங்கள் அனுபவத்தில் இரண்டாவதே பெரிய விஷயம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், மழை விட்ட ஒரு காலையில் சாவி கைக்கு வந்தது. மீதி 45,000 ரூபாயில் வெள்ளையடிக்கும் செலவைக் கழித்திருக்க வேண்டுமா என்று எங்கள் மூவருக்குள் எழுந்த பிணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.