ஐந்து நாள் வரவு

இழந்ததற்கு ஈடாகத் தரப்படுவதே இழப்பீடு என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. ஆனால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேவை முடங்கிய நாள்களுக்குரிய கட்டணத்தை அடுத்த பில்லில் கழித்துக் கொடுப்பதும், மக்கள் வாயில் ‘கிரெடிட் போடுவது’ என வழங்குவதுமான வரவும் பல வேளைகளில் அதே பெயரால் குறிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை, கனடாவின் ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரொஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 2022 ஜூலை முடக்கத்தை நாள்வாரியாகப் பின்தொடர்ந்தால் அளந்தறியலாம்.

2022 ஜூலை 8, வெள்ளி

அதிகாலை 4.45 மணியளவில் நிறுவனத்தின் கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, இணையச் சேவைகள் ஒருசேர நின்றன. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் 12 மில்லியனுக்கும் மேல். மையப் பிணையத்தை, அதாவது எல்லாச் சேவைகளின் தரவும் கடந்து செல்லும் நடுநாடியை, ஏழு கட்டங்களாக மேம்படுத்திவந்த பணியின் ஆறாம் கட்டத்தில், ரவுட்டர்களிலிருந்த வடிகட்டி நீக்கப்பட்டதே இதற்கு வித்து. ரவுட்டர் என்பது தரவு செல்ல வேண்டிய வழியைத் தீர்மானிக்கும் கருவி; வடிகட்டி, ஒரு ரவுட்டரிலிருந்து மற்றவற்றுக்குப் போகும் வழித்தகவலை மட்டுப்படுத்தும் ஏற்பாடு. அது நீங்கியதும் வழித்தகவல் வெள்ளமாகப் பாய, மைய ரவுட்டர்கள் தாங்கமாட்டாமல் விழுந்தன. கம்பிவழிச் சேவைக்கும் கம்பியில்லாச் சேவைக்கும் ஒரே மையம் இருந்தமையால், ஒன்று விழுந்தபோது மற்றதும் விழுந்தது.

வங்கி அட்டைக் கொடுப்பனவையும் மின்வழிப் பணமாற்றையும் நாடு முழுதும் நடத்தும் இன்ரராக் அமைப்பும் இதே பிணையத்தை நம்பியிருந்ததால், பிற நிறுவனங்களின் வாடிக்கையாளரும் தப்பவில்லை. கடைகளின் கல்லாவருகே ‘காசு மட்டும்’ என்று கையால் எழுதிய அட்டைகள் தொங்கின. சட்டைப்பையில் தாள்காசு வைத்திராதவர், எடுத்த பொருளைத் திரும்ப அடுக்கில் வைக்க வேண்டியதாயிற்று. அன்றிரவு வீக்கெண்ட் என்னும் ரொறன்ரோப் பாடகர் பாடவிருந்த நிகழ்ச்சியும் தள்ளிப்போனது. அது நடைபெறவிருந்த அரங்கின் பெயரே ரொஜர்ஸ் சென்ரர்.

இவற்றினும் பாரதூரமானது 911 அவசர அழைப்பு. தன் நிறுவனத்தின் அலை கிடைக்காத கைத்தொலைபேசி, அவசர அழைப்பை அருகிலுள்ள வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அனுப்பும் இயல்புடையது. அன்றோ மையம் செத்திருந்தும் கோபுரங்கள் அலையை வீசிக்கொண்டிருந்தமையால், பல தொலைபேசிகள் தம் பிணையம் உயிரோடிருப்பதாகவே கொண்டு அதனைப் பற்றிக்கொண்டிருந்தன. அழைப்போ போய்ச் சேரவில்லை.

2022 ஜூலை 9, சனி

பெரும்பாலோர்க்குச் சேவை மீண்டது. தலைமை நிர்வாகி ரோனி ஸ்ராஃபியேரி மன்னிப்புக் கோரி, மையப் பிணையத்தின் பராமரிப்புப் பணியே காரணம் என ஒப்பி, வரவு எல்லோர்க்கும் தானாகவே சேரும் என்று அறிவித்தார். வாடிக்கையாளர் கேட்காமலே கொடுப்பது நன்மையெனினும், எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே தீர்மானித்தார் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

2022 ஜூலை 11, திங்கள்

கூட்டாட்சி அமைச்சர் பிரான்சுவா-பிலிப் ஷாம்பாஞ், பெரிய நிறுவனங்களின் தலைவர்களை அழைத்து, ஒன்று முடங்கினால் மற்றவை கைகொடுக்கும் உடன்படிக்கையை 60 நாள்களுக்குள் செய்துகொள்ளுமாறு பணித்தார். இதற்கிடையே கியூபெக்கில், தலைக்கு 400 டொலர் கோரும் குழுவழக்குக்கு நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு மனு இடப்பட்டது. ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவர் முன்னின்று தொடுப்பது குழுவழக்கு. தனியொருவருக்கு வழக்குச் செலவுக்குக்கூடப் போதாத சிறுதொகைகள் ஒன்றுசேர்ந்தே அங்கே பெறுமதி அடைகின்றன.

2022 ஜூலை 12, செவ்வாய்

முதலில் இரண்டு நாளுக்கு எனப்பட்ட வரவு ஐந்து நாளுக்கு உயர்ந்தது. மாதம் 62 டொலர் கட்டுபவர் ஒருவரை எடுத்துக்கொண்டால், 31 நாள் கொண்ட மாதத்தில் ஒரு நாளின் விலை 2 டொலர். ஐந்து நாளின் வரவு 10 டொலர். இக்கணக்கில் எங்கும் இழப்பு நுழையவில்லை என்பதே அதன் சிறப்பியல்பு. வெள்ளிக்கிழமை வியாபாரத்தை இழந்த கடைக்காரரும், அன்று முழுதும் தொலைபேசியைத் தொடாமல் உறங்கியவரும் ஒரே திட்டத்தில் இருந்தால் ஒரே தொகையைப் பெறுவர். வரவை இங்கே சொடுக்கிப் பெறுக என்ற போலிக் குறுஞ்செய்திகளும் உலவத் தொடங்கியதால், எதையும் சொடுக்க வேண்டாம் என நிறுவனம் எச்சரிக்க நேர்ந்தது.

2022 ஜூலை 25, திங்கள்

பாராளுமன்றத்தின் தொழில்துறைக் குழுமுன் நிறுவனத் தலைவர்கள் சாட்சியம் அளித்தனர். தொழில்நுட்பத் தலைவர் நான்கு நாள் முன்னரே மாற்றப்பட்டிருந்தார். கம்பிவழிப் பிணையத்தையும் கம்பியில்லாப் பிணையத்தையும் பிரித்துவிடுவதாக முந்தைய நாள் வாக்களிக்கப்பட்டிருந்தது. வரவுகளின் மொத்தம் ஏறத்தாழ 150 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. நிறுவனத்துக்கு இது பெருந்தொகை. 12 மில்லியன் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 12 டொலர்.

2022 ஓகஸ்ட், பில் வரும் மாதம்

வரவுக்கு மேல் கோர விரும்புவோர்க்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுவைப்பது. அது பயன் தராவிடில், சி.சி.ரி.எஸ். எனப்படும் தொலைத்தொடர்பு, தொலைக்காட்சிச் சேவை முறைப்பாட்டு ஆணையத்தை நாடலாம். நிறுவனங்களின் பணத்தில் இயங்கினாலும் அவற்றினின்று சுயாதீனமான இவ்வமைப்பு, கட்டணமின்றி முறைப்பாட்டை ஆராய்ந்து, 5,000 டொலர் வரை இழப்பீடு விதிக்கவல்லது. மூன்றாவது ஒன்ராறியோவின் சிறுகோரிக்கை நீதிமன்றம்; அதன் வரம்பு அந்நாளில் 35,000 டொலர். எந்தப் படியில் ஏறினாலும், கடைக்காரர் முடக்க நாளின் விற்பனைக்கும் முந்தைய வெள்ளிக்கிழமைகளின் விற்பனைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் புத்தகத்தால் காட்ட வேண்டும். அதற்குமேல், சேவை தடைப்பட்டால் விளையும் நட்டத்துக்குத் தம் பொறுப்பை மட்டுப்படுத்தும் வாசகத்தை நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் வழக்கமாகச் சேர்த்துவைத்திருக்கும். கையொப்பமிட்டவரோ அதனை முதன்முதலாக வாசிப்பது பெரும்பாலும் இத்தகைய நாளில்தான்.

2024 ஜூலை 4, வியாழன்

சி.ஆர்.ரி.சி. எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்திய சோனா பார்ட்னர்ஸ் ஆய்வின் சுருக்கம் வெளியானது. மேம்பாட்டுப் பணி தொடக்கத்தில் உயர் ஆபத்து என மதிப்பிடப்பட்டதையும், முந்தைய கட்டங்கள் பழுதின்றி முடிந்ததால் பின்னர் அது குறைந்த ஆபத்தாகத் தாழ்த்தப்பட்டதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. பழுதைக் கண்டறியும் நிர்வாகப் பிணையமும் பழுதான அதே மையத்தையே சார்ந்திருந்தது. பொறியாளர் தமக்குள் பேசிக்கொள்ளவும் நிறுவனத்தின் தொலைபேசியையே நம்பியிருந்தனர். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் சென்றது. ஆனால் கவனக்குறைவை இத்துணை விரிவாகப் பதிவுசெய்த ஆவணம் வெளிவந்தபோது, கடைக்காரரின் பத்து டொலர் வரவு இரண்டாண்டுப் பழையதாகியிருந்தது.

2024 ஓகஸ்ட் 2, வெள்ளி

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாடு: இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் புதிய சேவைத்தர விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், மாதக் கட்டணக்காரருக்கு அந்நாள்களின் வாடகையைக் கழிக்கவும், முற்கட்டணக்காரருக்கு அத்தனை நாள் செல்லுபடிக் காலத்தை நீட்டவும் நிறுவனம் கடமைப்பட்டது. ரொறன்ரோவில் நிறுவனத்தின் மனமிசைவால் கிடைத்த ஒன்று, இந்தியாவில் விதியால் கிடைக்கிறது. கொடுப்பவர் அதனை இரண்டாகவோ ஐந்தாகவோ வைத்துக்கொள்ள இடமில்லை. ஆயினும் தொகையை நோக்கினால் கனடிய வரவே தாராளமானது. ஏறத்தாழ ஒரு நாள் முடக்கத்துக்கு ஐந்து நாள் கட்டணம் அங்கே கழிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றுபடும் இடம் ஒன்றே: இரண்டுமே வாடகையை எண்ணுகின்றன. கல்லாவில் விழாத காசும், போய்ச் சேராத அவசர அழைப்பும் எந்தப் பில்லிலும் வரியாக அச்சிடப்படுவதில்லை. எனவே கழிக்கவும் படுவதில்லை. அவற்றை எழுதிவைக்கும் வேலை இழந்தவரிடமே விடப்பட்டிருக்கிறது.