மேலே ஓட்டை, கீழே குளிர்

நவம்பர் 16, ஞாயிறு. ஸ்காபரோ

பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் தம்பி காலையில் மேலே வந்தார். "அன்ரி, காலெல்லாம் விறைக்குது. ராவிலை சொக்ஸ் போட்டுப் படுத்தும் ஏலாமக் கிடக்கு." யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பிள்ளை, இது அவருக்கு முதல் வின்ரர். மேல்மாடியில் அம்மாவின் அறை 21 பாகை, நல்ல கதகதப்பு. கீழே தம்பியின் மேசையில் ஒரு வெப்பமானியை வைத்தேன்: 16. ஹீட்டைக் கூட்டினால் அம்மாவுக்கு வேர்க்கும், காஸ் பில் ஏறும், தரைக் குளிர் அப்படியே இருக்கும். குளிர்காலத்தில் வீடு 18 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லியிருக்கிறது. இருபது வயதுக்காரரையும் அதற்குக் கீழே படுக்க வைக்க எனக்கு மனமில்லை.

நவம்பர் 22, சனி

காற்று பலமாக வீசிய நாள். ஓட்டை தேடத் தோதான நாள். யன்னல்களைப் பூட்டினேன். போர்னஸையும் காஸில் ஓடும் தண்ணீர்ச் சூடாக்கியையும் நிறுத்திவிட்டு, குசினியிலும் குளியலறையிலும் எக்ஸோஸ்ட் விசிறிகளைப் போட்டேன். விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, வெளிக்காற்று கிடைத்த இடுக்கால் எல்லாம் உள்ளே வரும். சாமியறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். முன்கதவின் அடியில் புகை கொஞ்சம் சாய்ந்தது. வெளிச்சுவர்ப் பிளக்குகளில் நடுங்கியது. பேஸ்மென்றில், கொங்கிரீட் சுவர் முடிந்து தரைக்கான மரச்சட்டங்கள் உட்காரும் இடத்தில், கிடையாகப் படுத்துத் தம்பியின் கட்டில் பக்கம் ஓடியது.

பிறகு விசிறிகளை நிறுத்திவிட்டு மேல்மாடிக்குப் போனேன். அம்மாவின் அறை வாசலுக்கு நேர் மேலேதான் கூரைக்கடியில் இருக்கும் அற்றிக்கின் மூடி. அதன் ஓரத்தில் பத்தியைப் பிடித்ததும் புகை மேலே இழுபட்டு இடுக்குக்குள் மறைந்தது. கீழே ஏன் குளிர்கிறது என்று அப்போது விளங்கியது. சூடான காற்று இலேசானது. ஏறி, உச்சியில் இருக்கும் இடுக்கால் வெளியே போகிறது. போன அளவுக்குக் குளிர்காற்று அடியில் நுழைகிறது. வெளியே குளிர் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும். முழு வீடும் ஒரு புகைபோக்கியாக நிற்கிறது. அதன் அடியில் தம்பி படுத்திருக்கிறார்.

நவம்பர் 29, சனி

முதலில் மேலே. மூடியின் விளிம்பைச் சுற்றி ஃபோம் பட்டி ஒட்டி, முதுகில் கெட்டியான ஃபோம் பலகை பொருத்தி, இறுக்கிப் பிடிக்கக் கொளுக்கி போட்டோம். அற்றிக்குக்குள் கண்ணாடியிழை 15 சென்ரிமீற்றர்தான் கிடக்கிறது. ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு ஆர்-60 என்ற வெப்பத்தடுப்பு அளவில் போடுகிறார்கள். இதே இழையென்றால் அரை மீற்றர் உயரம் வரும். ஆனால் அதை நிரப்புமுன் இடுக்குகளை அடைக்க வேண்டும். கண்ணாடியிழை சூட்டைத் தடுக்கும். தனக்குள்ளால் போகும் காற்றைத் தடுக்காது. போர்னஸ் புகைக்குழாயைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு ஃபோம் ஆகாது. தகடும் தீ தாங்கும் பசையும் வேண்டும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டேன். பழைய அற்றிக்கில் கூழாங்கல் போல மினுங்கும் வெர்மிகுலைற் கிடந்தால் யாரும் கிளறவே கூடாது. அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும்.

டிசம்பர் 13, சனி

வீட்டைச் சோதிக்க ஒருவர் வந்தார். முன்கதவு நிலையில் பெரிய விசிறியைப் பூட்டி, உள்ளும் வெளியும் 50 பஸ்கால் அழுத்த வித்தியாசம் வரும்வரை ஓட்டி, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளந்தார். காற்றுப் புகாமல் வீடு கட்டுவதை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் ஒன்று கனடாவிலேயே இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஹரல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1977இல் ரெஜைனாவில் கட்டிய வீட்டுக்குப் போர்னஸே இல்லை. தடித்த சுவர், இறுக்கமான அடைப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் கருவி: முக்கியமானவை இவைதான். பின்னாளில் ஜெர்மனியில் பாசிவ் ஹவுஸ் முறையை உருவாக்கியவர்கள் இதிலிருந்தும் கற்றார்கள். மைனஸ் 30 பாகை பார்க்கும் ஊரில் அது முடிந்ததென்றால், ஸ்காபரோவில் ஓர் இடுக்கை அடைப்பது பெரிய காரியமில்லை.

ஜனவரி 10, சனி

இரவு மைனஸ் 18. பேஸ்மென்றில் மரச்சட்ட இடைவெளிகளையும் அடைத்து முடித்தாயிற்று. இறுக்கிய வீட்டில் ஈரம் தங்கும். நம்முடைய சமையலில் சோறு வேகும், இடியப்பம் அவியும், கண்ணாடியெல்லாம் வேர்க்கும். விட்டால் யன்னல் ஓரம் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அடுப்பு எரியும் நேரமெல்லாம் எக்ஸோஸ்ட் ஓடவேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். "சூடு போகுமே, பிள்ளை?" என்றார். கொஞ்சம் போகட்டும், ஈரமும் சேர்ந்து போகும். கடுங்குளிரில் ஈரப்பதம் 30 சதவீதமளவில் நிற்பது நல்லது. காஸ் எரியும் வீட்டை இறுக்கியதால் கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பற்றரியையும் மாற்றினேன்.

ஜனவரி 24, சனி

தெர்மோஸ்ரற்றைத் தொடவில்லை, மேலே அதே 21. தம்பியின் மேசையில் 19.

வீட்டுக்காரர் வசிப்பது மேலே, தெர்மோஸ்ரற் இருப்பதும் மேலே. அதனால் கீழே இருப்பவரின் குளிர் அவர் வாய் திறக்கும்வரை நமக்குத் தெரிவதில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் கூச்சத்தில் சொல்லவும் மாட்டார்கள். பேஸ்மென்றை வாடகைக்கு விடும் நம்மவர்கள் ஒக்ரோபரிலேயே இறங்கிப் போய் வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். 18க்குக் கீழே காட்டினால், புது யன்னலுக்கு விலை கேட்குமுன் ஏணியை எடுத்து அற்றிக் மூடியைப் பாருங்கள். அதை அடைக்கச் சில டொலர் போதும். வாடகை வாங்கும் கைக்கு அந்தக் கடமையும் உண்டு.