ஏழு அங்குலம்

காயல்பட்டினத்திலிருந்து வந்த லாத்தா (அக்காவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) பையிலிருந்து முதலில் எடுத்தது வீட்டுப் பத்திரம் அல்ல, புகாருக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது. சிவில் பிரச்சினை என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். “சிவில்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம், வக்கீல் தம்பி?” என்றார். திருச்செந்தூர் கோர்ட்டில் இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்னும் பழகவில்லை.

காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே பத்திரம் பெரும்பாலும் பெண் பேரில் இருக்கும். வழக்கென்று வந்தால் வாதியும் அவர்தான். பெண்கள் தெருவுக்கு வராமலே போய்வர, வீடுகளுக்கு நடுவே முடுக்குகள் உண்டு. அப்படியொரு முடுக்கில் பாதி லாத்தாவுக்குப் பாத்தியம். அதற்கு மேலேதான் பக்கத்து வீட்டுக்காரர் மாடியின் சன்ஷேடை நீட்டியிருந்தார். தூக்குக்குண்டு விட்டு டேப்பைப் பிடித்தேன். ஏழு அங்குலம். லாத்தாவின் சுவரில் சிமெண்ட் பால் வடிந்து காய்ந்திருந்தது.

“என் இடம்னு நினைச்சுத்தான் கட்டினேன். லாத்தாவுக்கு இடைஞ்சல் பண்ணணும்னு நினைக்கவே இல்லை” என்றார் அவர். நான் நம்பினேன். போலீசும் நம்பியிருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் அத்துமீறல் குற்றமாக வேண்டுமானால் குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ எண்ணம் வேண்டும். அது இல்லையென்றால் அவர்கள் கை கட்டப்பட்டதுதான்.

சிவில் வழக்குக்கு அடிப்படையான தீங்கியல் (டார்ட்) சட்டம் கேட்பது வேறு. வேண்டுமென்றே செய்த தீங்கு என்றதும் கெட்ட எண்ணத்தைத் தேடுகிறோம். நானும் ஜூனியராக இருந்தபோது தேடியிருக்கிறேன். அந்த இடத்தில் சன்ஷேடு போடவேண்டும் என்று நினைத்துப் போட்டாரா? போட்டார். அவ்வளவு போதும். தன் இடமென்று தவறாக நினைத்தது எதிர்வாதம் ஆகாது. நஷ்டம் ரூபாய்க் கணக்கில் இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும். 1957இல் லண்டனில் ஒரு கடைக்கு மேலே சிகரெட் கம்பெனியின் விளம்பரப் பலகை எட்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. கெல்சன் வழக்கு என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காயல் முடுக்குதான் கண்ணில் வரும்.

கடலிலும் இதே கணக்குத்தான். பாக் விரிகுடாவின் சங்குப் படுகையில் அனுமதியின்றிச் சங்கு எடுத்தது திருட்டா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. திருட்டென்றால் நேர்மையற்ற எண்ணம் வேண்டும். ஆனால் அடுத்தவன் சங்கு மூட்டையைத் தெரியாமல் விலைக்கு வாங்கி விற்றவர்கூட, சிவில் கோர்ட்டில் உரிமையாளருக்கு ஈடு கொடுக்கவேண்டியிருக்கும்.

உடம்பில் ஒரு கீறல் இல்லாமலே தீங்கு நடக்கும் என்பதற்குப் பீம் சிங் வழக்கைச் சொல்வேன். ஜம்மு காஷ்மீர் சட்டமன்ற உறுப்பினரான அவரை 1985இல் கூட்டத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தார்கள். அவருக்கு உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது ரிட் மனுவில் வந்த தீர்ப்பு. அடைத்து வைத்ததே தீங்கு என்பது சிவில் வழக்கிலும் அப்படியே பொருந்தும்.

லாத்தாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “சிவில்னா உங்க பேர்ல, உங்க பத்திரத்தோட, நீங்களே வாதியா நிக்கிறது லாத்தா” என்றேன். வக்கீல் நோட்டீஸ் போனது. பதில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்து சன்ஷேடை வெட்டி எடுத்தார். வடிந்த சுவருக்கு வெள்ளையும் அவரே அடித்துக் கொடுத்தார்.

எல்லோருக்கும் நோட்டீசோடு முடியாது. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தீங்கு நடந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள். நிலத்தில் அத்துமீறியதற்கு நஷ்டஈடு கேட்க மூன்று ஆண்டு இருக்கிறது. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கும் அவதூறுக்கும் ஓராண்டுதான்.