மாமாவின் தண்ணீர்க் கணக்கு



சினிமா, கிரிக்கெட், பரீட்சைப் புலம்பல் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இந்த முறை கொஞ்சம் கூச்சமான விஷயம். மூத்திரக் குழாய் பற்றி. முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ என்றாவது ஒருவருக்கு உதவும்.

எங்கள் ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், 6000 அடிக்கு மேலே இருக்கிறது. 1860களில் வெள்ளைக்காரர்கள் இங்கே சிங்கோனா மரம் வளர்த்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக்கூடக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த ஜெயில் கட்டிடத்தை இன்றும் பார்க்கலாம். ஆக, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த ஊர் எங்கள் ஊர். அதே ஊரில்தான் ஒரு காய்ச்சல் என் மாமாவைக் கிட்டத்தட்ட கொண்டுபோய்விட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 2018 மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை இரண்டும் நன்றாக வேலை செய்கிறது, கால் இல்லை. சிறுநீரும் தானாகப் போகாது. அதனால் கதீட்டர் போட்டு அனுப்பினார்கள். மெல்லிய குழாய், அதன் நுனியில் சிறிய பலூன். சிறுநீர்ப்பைக்குள் போனதும் பலூனில் தண்ணீர் ஏற்றுவார்கள், அதனால் குழாய் வெளியே நழுவாது. ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர் 1930களில் செய்த யோசனை. அதனால்தான் இன்றும் அதற்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர்.

குழாய் போட்டு அனுப்பினார்களே தவிர, அதோடு எப்படி வாழ்வது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. நாங்களாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தோம். பையில் சிறுநீர் கலங்கலாகத் தெரிந்தால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்குவது. மூன்று நாள் கொடுப்பது. தெளிந்ததும் நிறுத்துவது. நாலு வருஷம் இதே கதைதான்.

2022 ஜூலையில் ஒரு ராத்திரி மாமாவுக்குக் குளிர்க்காய்ச்சல். எங்கள் ஊரில் ஜூலை என்றால் எல்லோரும்தான் நடுங்குவோம், அதனால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் என்னைப் பார்த்து என் தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் பயம் வந்தது. மழையில் ஜீப் பிடித்து ஊட்டிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டது என்றார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மாத்திரைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே பதில்: வேலை செய்யாது. எட்டு நாள் ஊசி போட்டுத்தான் மீட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு நர்ஸ் அக்கா வந்து பார்த்தார். (தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. தெரியாதவர்கள் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.) அவர் சொன்னதில் என்னை உலுக்கியது இதுதான்:

"தம்பி, குழாய் இருக்கிற வரைக்கும் சிறுநீர்ல கிருமி இருக்கத்தான் செய்யும். கிருமி இருக்கிறது வேற, நோய் வர்றது வேற."

பிறகு நானும் தேடிப் படித்தேன். குழாய் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்துகொண்டே போகும். ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும். பாத்திரத்தில் பாசி படிவது போலக் குழாயின் சுவரில் கிருமிகள் ஒரு வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் சரியாகப் போகாது. காய்ச்சல், வலி எதுவும் இல்லாமல் கலங்கல், நாற்றம் என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சாகக்கூடிய கிருமி செத்து, சாகாத கிருமி தங்கிவிடும். நாங்கள் நாலு வருஷம் அதைத்தான் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம்!

மாத்திரை இல்லையென்றால் வேறு என்ன தடுக்கும்? கேட்டால் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் அதுதான் தடுக்கிறது. குழாயைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழாய் உள்ளே போகும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டாலும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். குழாயைத் துடைக்கும்போது உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. நாங்கள் மாமாவைத் தூக்கும்போதெல்லாம் பையை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைப்போம். வெளியே வந்தது திரும்ப உள்ளே போகும் வழி அது என்று யாருக்குத் தெரியும்?

குழாய் இழுபடாமல் தொடையில் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். மடங்கவோ அவர் உடம்புக்கு அடியில் நசுங்கவோ கூடாது. பை பாதிக்கு மேல் நிறைந்தால் காலி செய்துவிட வேண்டும், அதன் திருகு பாத்திரத்தில் இடிக்கக்கூடாது. குழாயும் பையும் சேரும் இடத்தைச் சும்மா சும்மா கழற்றக்கூடாது. மலச்சிக்கல் வரவிடக்கூடாது. அதுவும் குழாயை அழுத்தும்.

காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, குழப்பமான பேச்சு, ரத்தம், குழாய் அடைப்பு... இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. பரிசோதனைக்குப் பையில் தேங்கிய சிறுநீரைக் கொடுக்கக்கூடாது. பழைய குழாயை மாற்றிவிட்டுப் புதுக் குழாயிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய படலத்தில் உள்ள கிருமியைத்தான் ரிப்போர்ட் காட்டும்.

எல்லாவற்றையும் செய்தோம். ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. தண்ணீர். இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லாதவர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் அளவுக்காவது குடித்தால்தான் உள்ளே தேங்காமல் அலசிக்கொண்டு போகும். சில கிருமிகள் சிறுநீரில் உப்புக்கல் படியவைத்துக் குழாயையே அடைத்துவிடும். சிறுநீர் கெட்டியாக இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். மாமாவின் பையில் வந்ததோ எப்போதும் கடும் டீ நிறம். கேட்டால் "இந்தக் குளிர்ல எவன்டா தண்ணி குடிப்பான்" என்று சிரிப்பார். சொம்பு மட்டும் தினமும் காலியாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் காலேஜ் சீக்கிரம் விட்டு வந்தபோது பார்த்துவிட்டேன். சொம்புத் தண்ணீரை ஜன்னல் வழியாக வெளியே இருந்த ஹைட்ராஞ்சியா செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த லைனிலேயே எங்கள் வீட்டுச் செடிதான் செழிப்பு. காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "உங்க அத்தை காலையில கொழுந்து பறிக்கப் போனா சாயங்காலம்தான் வரும். நடுவுல பை ரொம்பிட்டா பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்து எடுத்து ஊத்துது. வயசுக்கு வந்த புள்ளடா... அப்பன் மூத்திரத்த அள்ளணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. பை சாயங்காலம் வரை நிறையாமல் இருக்க எத்தனை வாய் குடிக்கலாம் என்று நாலு வருஷமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் மனிதர். அந்தக் கணக்கு எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் மாமாவின் கைகளைப் பார்த்தார். "கைதான் நல்லா இருக்கே, நீங்களே காலி பண்ணலாமே?" என்றார். அவ்வளவுதான்! கட்டிலின் பக்கவாட்டில், தாழ்வாக, ஆனால் அவர் கைக்கு எட்டும்படி ஒரு கொக்கி அடித்தேன். வாய் அகன்ற, மூடி போட்ட டப்பா ஒன்று. ஒரு சோப்பு, ஒரு வாளித் தண்ணீர். சாய்ந்து உட்கார ஒரு கயிறு. இரண்டு நாள் சிந்தினார். மூன்றாம் நாள் சிந்தவில்லை. டப்பாவை அத்தை வந்ததும் எடுத்துப்போகும்.

ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் அடியால் சாகவில்லை, சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும்தான் செத்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944இல் லுட்விக் குட்மேன் என்ற டாக்டர் அதை மாற்றத் தொடங்கினார். நம் பக்கத்தில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966இல் உருவாக அவரே முக்கியக் காரணம். நோயாளியே தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதுதான் இந்த மாதிரி இடங்களின் அடிப்படைப் பாடம்.

நிரந்தரக் குழாய் இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் குழாயை நுழைத்துச் சிறுநீரை எடுத்துவிடும் முறையும் உண்டு. அமெரிக்காவில் ஜாக் லாப்பிடஸ் 1972இல் பரப்பியது. முடிந்தவர்களுக்கு அது நல்லது, டாக்டரிடம் கேளுங்கள். மாமாவுக்குச் சிறுநீர் வழியில் சுருக்கம் இருப்பதால் ஒத்துவரவில்லை.

2022க்குப் பிறகு மாமாவுக்கு ஒரே ஒரு தடவைதான் காய்ச்சல் வந்தது. அன்றைக்கே கண்டுபிடித்து, குழாய் மாற்றி, சரியான மருந்தில் குணமாகிவிட்டது. சிறுநீர் இப்போதும் சில நாள் கலங்கலாகத்தான் வருகிறது. நாங்கள் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவதில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கூடக் கொடுக்கிறோம்.

ஹைட்ராஞ்சியாதான் பாவம், இந்தக் கோடையில் கொஞ்சம் வாடிவிட்டது. மாமாவிடம் சொன்னேன். "உனக்குக் கை இல்லையா, நீ ஊத்து" என்றார்!