ஒரு சிறு கோடு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்குச் சோதனை முயற்சியாக நாங்கள் எழுதிவந்த நீட்சி, பழைய கணினியில் எல்லாச் சோதனைகளிலும் தேறியது. புதிய கணினியில் இரண்டில் தோற்றது. வரவேண்டிய விடை ஒரு கோப்பில் முன்பே எழுதப்பட்டிருக்கும். வந்த விடையை அதனோடு ஒப்பிடுவதே சோதனை. ஒப்பிட்டுப் பார்த்தால், விடையில் ஒன்றும் குறையவில்லை. வரிசை மட்டும் மாறியிருந்தது. முன்பு "11"-க்குப் பின் நின்ற "1-1", இப்போது அதற்கு முன் நின்றது.

வந்த விடையையே கோப்பில் எழுதிவிடலாமே என்றார் உடனிருந்த இளைஞர். நொடிப்பொழுது வேலைதான். ஆனால் அறிவிப்புகள் முரண்பட்டபோது, ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதிவிடவில்லை. அறிவிப்பாளர்களைத் துருவி ஆராய்ந்தார்கள்.

நாங்களும் துருவினோம். பிழை எங்கள் நீட்சியில் இல்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சி, 2018-இல் வெளியான 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியிருந்தது. பழைய விதிப்படி அமைந்த தேடுபட்டியலில் புதிய விதிப்படி தேடினால், ஏட்டில் உள்ள பெயரையே இல்லையென்று சொல்லிவிடக்கூடும். ஒரு மஹல்லாவின் நிக்காஹ் பதிவேடு அப்படிச் சொன்னால்?

புதிய கணினிக்கு மாற்றிய தரவுகளின் தேடுபட்டியல்களை எல்லாம் மீண்டும் கட்டினோம். சோதனைகளில், எந்தக் கணினியிலும் மாறாத 'சி' வரிசையை வெளிப்படையாகக் குறித்தோம். அந்த வரிசையிலும் "1-1"-தான் முன்னே வரும். ஆகவே கடைசியில் கோப்பில் செய்த திருத்தம், இளைஞர் முதலில் சொன்ன அதே திருத்தந்தான்.