நூலிலே முளைத்த பவழத் தீவுகள்

ஜெர்மனியில், கறுப்பு வனத்தின் விளிம்பில் இருக்கிறது பாடன்-பாடன். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் 2022-ம் வருஷம் ஜனவரி முதல் ஜூன் வரை அங்குள்ள பிரீடர் புர்டா கலைக்கூடத்தில் ஒரு கடலடி உலகமே குடியேறியிருந்தது!

பவழம் என்றதும் உங்களுக்குக் கழுத்து மாலை நினைவுக்கு வரலாம். நான் சொல்வது வெப்பக் கடல்களில் பாறை பாறையாக வளரும் பவழம். கலைக்கூடத்துக்குள் நுழைந்தால் மஞ்சள், ஊதா, ரோஜா வர்ணங்களில் தீவு தீவாக அவை நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தாலோ, அத்தனையும் நூல்! குரோஷா ஊசியால் பின்னிய நூல்! சுமார் 4,000 பேர், பெரும்பாலும் பெண்கள், பின்னி அனுப்பிய 40,000-க்கும் மேற்பட்ட பவழங்கள் அவை.

குரோஷா பின்னும் சகோதரிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். வட்டமாகப் பின்னும்போது கண்ணிகளை அளவாகக் கூட்டினால் தட்டையாக வரும். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஓரமெல்லாம் நெளிந்து சுருண்டு கொள்ளும். "கெட்டுப் போச்சு" என்று பிரித்துவிடுவோம், இல்லையா? அந்த நெளிவில்தான் சூட்சுமம் இருக்கிறது. கணித சாஸ்திரத்தில் அதற்கென்றே தனி வடிவியல் உண்டு. காகிதத்தில் செய்து பார்த்தால் கிழிந்து போகும் அந்த வடிவத்தை, 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் டைனா டைமினா என்ற அம்மையார் குரோஷாவில் பின்னிக் காட்டினார். பவழங்கள் பலவற்றின் மடிப்பும் இதே கணக்குத்தான்!

ஆஸ்திரேலியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கும் இரட்டைச் சகோதரிகள் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டீன் வெர்த்தைம். தாய்நாட்டின் மாபெரும் பவழத் திட்டு நலிவதைக் கண்டு மனம் வருந்தி, 2005-ல் இவர்கள் இந்தப் பின்னலைத் தொடங்கினார்கள். பிறகு ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்து கொண்டார்கள்.

சகோதரிகள் செய்த பவழங்களில் வெள்ளை வெளேர் என்றும் சில உண்டு. அழகுக்காக அல்ல. பவழப் பூச்சியின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிதான் அதற்கு வர்ணமும் தருகிறது, உணவும் தருகிறது. கடல்நீர் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவழம் வெளுத்துப் போகும். சூடு நீடித்தால் பட்டினியால் மடியும். ஆஸ்திரேலியத் திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய வருஷங்களில் பெருவாரியாக இப்படி நேர்ந்தது. பிளாஸ்டிக் பைகளைக் கத்தரித்துப் பின்னிய பவழங்களும் உண்டு. கடலில் நாம் கொண்டு போய்க் கொட்டுவதை நமக்கே திருப்பிக் காட்டுகின்றன அவை!

குண்டுப் பவழம் ஒன்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். அது எத்தனை நிதானம் என்பது, கண்ணி கண்ணியாகப் பின்னுகிறவளுக்குத்தான் புரியும். நூறு வருஷம் வளர்ந்தது ஒரு கோடையில் வெளுத்துப் போகிறது. பின்னல் பிரிந்தால் மறுபடி பின்னிவிடலாம், அம்மா. கடலில் பிரிந்ததை எந்த ஊசி கொண்டு பின்னுவது?